ஜெயகிருஷ்ணன் சாரின் முதுகு

அன்று காலை தேங்காய்ச் சட்னியில் உப்பு சரியாக இருந்தது. ஆறு இட்லி சாப்பிட்டேன். ஓர் ஆளைக் கொல்லப் போகிறவனுக்குத் தொண்டையில் சோறு இறங்காது என்பதெல்லாம் அனுபவம் இல்லாதவர்கள் பேச்சு.

கொல்லப்பட்டவர் பெயர் ஜெயகிருஷ்ணன். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் என்று அவருடைய வலைப்பூவில் போட்டிருக்கும். அந்த வலைப்பூவை எழுதியது நான். அப்படி ஓர் ஆசிரியர் உலகத்தில் கிடையாது. நானும் அறிவியல் ஆசிரியர்தான், கோவில்பட்டியில். சொந்தப் பெயரில் எழுத வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியரிடம் லீவு கேட்கவே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வேறு பெயரில் எழுதினேன். படத்துக்கு என் முதுகைப் போட்டேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனபோது, கட்டம் போட்ட சட்டையில் நான் நிற்பதை யாரோ பின்னாலிருந்து எடுத்தது.

ஜெயகிருஷ்ணன் நல்ல மனிதர். கோடையில் பிள்ளைகளைக் கரிசல்காட்டுக்குக் கூட்டிப்போய், நிலவெடிப்புக்குள் குச்சியை விட்டு ஆழம் அளக்கச் சொல்வார். மழை பெய்ததும் அதே இடத்துக்குப் போய், வெடிப்பு எங்கே போயிற்று என்று கேட்பார். பதிலுக்காகக் காத்திருப்பார். நான் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பேன். யாரையும் அடித்ததில்லை, வாய் திறக்க விட்டதுமில்லை.

வினை வந்தது என் மனைவி சுந்தரேஸ்வரியால். அவளும் ஆசிரியை, வேறு பள்ளியில். யாரோ வாட்ஸப்பில் அனுப்பப்போய், அவள் ஜெயகிருஷ்ணனை வாசிக்கத் தொடங்கினாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேர்.

"இவிய முதுகைப் பாருங்களேன். எப்படி நிமிந்து நிக்காவ. மனசுல கள்ளம் இல்லாதவியதான் இப்படி நிப்பாவ."

கல்யாணமானதிலிருந்து தீபாவளிதோறும் அவள் எண்ணெய் தேய்த்துவிடும் முதுகு அது.

முதலில் எனக்கும் வெல்லம் தின்ற மாதிரித்தான் இருந்தது. பிறகு பொறுக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கிற பார்வையில் என்னை ஒரு தரம் அவள் பார்த்திருந்தால் போதும், ஜெயகிருஷ்ணன் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். "அந்த ஜெயகிருஷ்ணன் நான்தான்னு சொன்னா என்ன செய்வ?"

ரசக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்களா? நம்ம வாசல்ல வெடிச்சுக் கிடக்க தரையவே நீங்க குனிஞ்சு பாத்தது இல்லியே."

கணினியைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டினால் அவர் பொய்யாகிவிடுவார். அதனால் நான் மெய்யாகிவிடப் போவதில்லை. ஆகவே முடிவெடுத்தேன். கோபத்தில் இல்லை, நன்றாக யோசித்து.

ஆறு இட்லிக்குப் பிறகு, அவருடைய மாணவன் எழுதுவது போல நாலு வரி பதிவிட்டேன். பிள்ளைகளோடு காட்டில் நின்றபோது நெஞ்சுவலி. துன்பப்படவில்லை. அந்தக் கடைசி வரியை மனமிரங்கித்தான் சேர்த்தேன், என்ன இருந்தாலும் சக ஆசிரியர். சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ இருந்து ஆசிரியர்கள் அழுது எழுதினார்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு இத்தனை பேர் அழமாட்டார்கள் என்று சற்று வருத்தமாக இருந்தது.

என் அப்பா இறந்ததற்கு ஒரு நாள் லீவு போட்டவள் சுந்தரேஸ்வரி. இவருக்கு மூன்று நாள் போட்டாள். நாலாம் நாள் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள், குச்சியோடு. திரும்பி வரும்போது கையில் கண்ணாடி போட்ட படம் இருந்தது. அந்த முதுகேதான், பெரிதாக.

"இதை ஹால்ல மாட்டுங்க," என்றாள்.

முக்காலியில் ஏறி, அவசரப்படாமல் ஆணி அடித்தேன். படத்தை மாட்டிவிட்டு இறங்கி, அதன் எதிரிலேயே, அவளுக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றேன். அதே கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தேன். அது தற்செயல். பின்னால் வெகுநேரம் சத்தமே இல்லை. கண்டுகொண்டாள் என்று நினைத்தேன்.

"என்னங்க," என்றாள். குரல் தழுதழுத்தது. "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. அவியளை மறைக்குதீங்க."

தள்ளிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் எந்தப் பகையும் கிடையாது. ஜெயகிருஷ்ணன் சார் எழுதி வெளியிடாத கட்டுரைகள் சில கிடைத்திருப்பதாக, நாலு வரி எழுதிய அந்த மாணவன் நேற்று அறிவித்திருக்கிறான். எனக்காக இல்லை, சுந்தரேஸ்வரி ரொம்பவும் வாடிப்போயிருக்கிறாள்.