பூவம் தாண்டினால் செல்லாது

நேற்று காரைக்காலிலிருந்து மாயவரம் போன பஸ்ஸின் பின்பக்கம் நாங்கள் நாலு பேர்தான்: நான், தூங்கி வழிந்த ஒரு பெரியவர், லேப்டாப்போடு ஜெரால்டு என்ற இளைஞன், அவனோடு வேலை பார்க்கும் யாஸ்மின். பேர்கள் அவர்கள் போட்ட சத்தத்தில் தெரிந்தவை.

"இன்னிக்கு ராத்திரி பழைய காசெல்லாம் செல்லாம பண்ணிடப் போறேன்" என்றான் அவன். நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் அவர்கள் நடத்தும் கிரிப்டோ, கணினிக்குள் மட்டும் புழங்கும் காசு, என்று புரிந்தது.

"பழைய மென்பொருள்ல ஓட்டை இருக்கு யாஸ்மின்! திருடன் பூந்தா மொத்தமும் போச்சு."

"அடைக்க வேணாங்கல. ஒரு மாசம் டைம் குடு. துபாய்லேருந்து எங்க அத்தா பழசுலதான் பணம் அனுப்புறாரு. வீட்டுக்கு வந்து சேராதுடா."

"திருடனுக்கும் ஒரு மாசம் கெடைக்குமே! அப்டேட் பண்ணாதது உங்க அத்தா தப்பு. ரூல்னா ரூல்தான்."

பூவம் தாண்டி தமிழ்நாட்டு எல்லையில் பஸ் நின்றது. போலீஸ்காரர் ஏறிப் பைகளைத் துழாவினார். ஜெரால்டின் பையில் இரண்டு பிராந்தி பாட்டில்.

"சார், காரைக்கால்ல பில்லு போட்டு வாங்குனது சார்! வாங்குனப்ப செல்லும் சார்!"

"அது அங்க. இது தமிழ்நாடு."

பாட்டில்கள் இறங்கிப் போயின. யாஸ்மின் சிரிப்பை அடக்கவே இல்லை.

"நீ அப்டேட் பண்ணலியாடா?"

அவன் முறைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பழசும் செல்லும். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது."

"அதுக்குள்ள திருடன் வந்தா?"

"அவனுக்கு முன்னாடி நாம எல்லாருக்கும் சொல்லணும். போன எடு!"

அவள் ஏற்கெனவே காதில் வைத்திருந்தாள்.

"அத்தா, கையில இருக்குற வேலைய அப்புடியே போடுங்க. நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க."