பின்சுவருக்கு அனுமதி

வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்ட அனுமதி வாங்குவது, மக்கள் பேசிக்கொள்ளும் அளவுக்குக் கடினமான காரியம் இல்லை. விண்ணப்பப் பாரம் ஒன்று, பதிவு பெற்ற வரைவாளர் போட்ட பிளான், வீட்டுப் பத்திரத்தின் நகல், நிலவரி ரசீது, இரண்டு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம். கட்டணம் என்று பார்த்தால், ஒரு குடும்பம் டவுனுக்குப் போய் ஸ்டீம்போட் விருந்து சாப்பிட்டு வரும் செலவுகூட ஆகாது. வீடு மலைச்சரிவை ஒட்டி இருந்தால் மட்டும் பொறியாளரின் அறிக்கை ஒன்றும் வேண்டும். அதுதான் கையைக் கொஞ்சம் கடிக்கும். கவுண்டருக்கு வந்தவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு ஆண்டுகளாக இதை நான் பொறுமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். யாரிடமும் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை.

என் பெயர் சிவனேஸ்வரன். வயது நாற்பத்தெட்டு. கட்டட அனுமதிப் பிரிவில் பிளான்களைச் சரிபார்ப்பது என் வேலை. இடத்தை நேரில் போய்ப் பார்ப்பதும் என் வேலைதான். வேலையில் அந்தப் பகுதி மட்டும் எனக்குப் பிடிக்காது. இந்த மலைக்கு வருகிறவர்கள் தேயிலையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீடுகளின் பின்பக்கத்தை அவர்கள் பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த தகரத்தை நாலு கம்பில் சாய்த்து அதற்குச் சமையலறை என்று பெயர் வைத்திருப்பார்கள். பாசி படர்ந்த சுவரில் நத்தைகள் ஊர்ந்த கோடு பளபளக்கும். சாக்கடையில் சோற்றுப் பருக்கைகள் ஊதிப்போய் மிதக்கும். கீழே காய்கறித் தோட்டங்களில் கொட்டிய கோழி எருவின் வாடை வேறு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து சட்டையைத் தனியாக ஊறப்போடுவேன். அருவருப்பு ஒரு குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

நாகரத்தினம் முதலில் வந்தது போன வருடம் பிப்ரவரியில். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து எல்லையில், பழைய தொழிலாளர்களுக்கென்று பிரித்துக் கொடுத்த வீடுகளில் கடைசி வீடு அவருடையது. வீட்டுக்குப் பின்னால், மேலே இருக்கும் மண்மேட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு பழைய சுவர் நின்றது. அது சாய்கிறது, அதை இடித்துப் புதிதாகக் கட்டி, சமையலறையையும் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டும் என்றார். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் வரைந்த படத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது.

"பாரத்தோட இதுவும் போதும்தானே ஐயா? சின்ன சுவருதான் லா" என்றார்.

போதாது என்றேன். வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் பிளான் வந்தது. பக்கத்து வீட்டுக் கடிதமும் வந்தது. பொறியாளர் அறிக்கை வரவில்லை. அதற்கு ஆகும் செலவு சுவர் கட்டும் செலவைவிட அதிகம் என்று அவர் மகள் தனுஜா வந்து சொன்னாள். கியா பார்மில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்யும் பெண். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் விதியை நான் எழுதவில்லை. ஆகஸ்டு மாதம் அவள் தன் மோட்டார் சைக்கிளை விற்று, ஈப்போவிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்து வந்து, அறிக்கையை வாங்கிவிட்டாள். அதைக் கவுண்டரில் ரேகாவிடம் கொடுத்தாள். ரேகா முத்திரை குத்தி என் மேசைக்கு அனுப்பினாள்.

அதுவரை நான் செய்ததில் நீங்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. அன்று காலை அந்தக் கோப்பை முழுதாகப் படித்தேன். நல்ல அறிக்கை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, அடிப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது, வருடக் கடைசி மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும், அதுவரை சுவருக்கு மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும், சமையலறை இருக்கும் பின்னறையில் யாரும் புழங்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அனுமதிக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட பேனாவை எடுத்தேன். அப்போதுதான் கவுண்டரில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நாகரத்தினத்தின் மனைவி தங்கம்மா வந்திருந்தார். முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். விரல்களில் வெற்றிலைக் கறை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதிலிருந்து கருவாட்டு வாடை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"நீ சிங்காரம் மவன்தானே? மேல் டிவிசன்ல, நம்ம லைன் வீட்டுல? எம்மாடி, துரை மாதிரி ஆயிட்டானே!"

எனக்குப் பின்னால் ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வரிசையில் எட்டோ பத்தோ பேர். அவர் ரேகாவைப் பார்த்துத் திரும்பினார்.

"இவங்கப்பா பாவம்மா. நாங்க எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முந்தி கக்கூஸ் வாளியெல்லாம் தூக்கிருவாரு. அம்மா இல்லாத புள்ள. நாத்தம் அடிக்குதுன்னு ஸ்கூல்ல இருந்து வாத்தியாரு தொரத்தி விட்டுட்டாரு. நான்தான் தெனமும் சுடுதண்ணி வச்சு, சோப்பு போட்டுத் தேச்சு அனுப்புவேன். அழுதுகிட்டே நிப்பான்."

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. கண்ணாடியின் அடியில் இருந்த இடைவெளி வழியாகக் கையை நுழைத்து என் கையைத் தொட்டார். அந்தச் சோப்பின் வாடையும் அதற்கு அடியில் போகவே போகாத அந்த இன்னொரு வாடையும் நாற்பது வருடம் கழித்து என் மூக்கில் ஏறின. அலுவலகத்தில் என் அப்பாவைத் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி என்று சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி ஷர்மினிக்கும் அப்படித்தான் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. ரேகா என்னைப் பரிவோடு பார்த்தாள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கோப்பு பரிசீலனையில் இருக்கிறது. கடிதம் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். பேனாவை மூடி வைத்தேன். கோப்பிலிருந்து பொறியாளர் அறிக்கையை எடுத்து என் பைக்குள் வைத்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு முறை குளித்தேன்.

செப்டம்பரில் கடிதம் அனுப்பினேன். ஆவணம் முழுமையாக இல்லை, பொறியாளர் அறிக்கை சேர்க்கப்படவில்லை. தனுஜா ஓடி வந்தாள்.

"ஐயா, குடுத்துட்டோமே. ரேகா அக்கா கையிலதான் குடுத்தேன். சாப் அடிச்சாங்களே."

"கோப்பில் இல்லையே, அம்மா" என்றேன்.

அவளுக்கு முன்னாலேயே கோப்பைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். அவளும் எண்ணிப் பார்த்தாள். ரேகா எழுந்து வந்து நின்று, தான் முத்திரை குத்தியது நினைவிருக்கிறது என்றாள். அப்படியானால் எங்கே என்று கேட்டேன். அவள் தன் மேசை இழுப்பறைகளைத் திறந்து தேட ஆரம்பித்தாள். பொறியாளர் நல்ல மனிதர். அக்டோபரில் இன்னொரு பிரதியைக் கையெழுத்திட்டு, பணம் எதுவும் வாங்காமல், தபாலில் அனுப்பி வைத்தார். தபால் என் மேசைக்குத்தான் வரும். அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் கோப்பை இழுத்தடித்தது எதற்கென்று கேட்கிறீர்கள். தங்கம்மா மறுபடி என்னிடம் வரக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஆனால் அவர் வந்தார். தீபாவளிக்கு முன்னால், முறுக்கு ஒரு டின் நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். நான் உள்ளே இல்லை என்று சொல்லச் சொன்னேன். டின்னை ரேகாவிடம் கொடுத்துவிட்டு, "எங்க லைன் பையனுக்குக் குடுத்துரும்மா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். நல்ல முறுக்கு என்றார்கள். என் பங்கைக் குப்பைக் கூடையில் போட்டேன். சிறிது நேரம் கழித்து, வாடை வருவதுபோல் இருந்ததால், கூடையையே வெளியே வைத்துவிட்டேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நாகரத்தினம் பயந்துபோய், அனுமதிக்குக் காத்திராமல், மரக்கடையிலிருந்து பலகைகளும் உருட்டுக் கட்டைகளும் வாங்கி வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். அடியில் மண்மூட்டைகளை அடுக்கினார். இது ஒரு புகாராக என் காதுக்கு வந்தது. புகார் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும். அமலாக்கப் பிரிவிலிருந்து விமலனும் இரண்டு ஆட்களும் லோரியோடு வந்தார்கள்.

சமையலறை வழியாகப் பின்னால் போனேன். தரை ஈரம். சுவரின் வெடிப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் கொழகொழவென்று தேங்கியிருந்தது. தங்கம்மா நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. முட்டுக் கொடுத்திருந்த முறையைப் பார்த்தேன். அறிக்கையில் பொறியாளர் வரைந்து காட்டியிருந்தது போலவே இருந்தது. அவரிடம் கேட்டுச் செய்திருக்கிறார்கள்.

"ஐயா, இத மட்டும் எடுத்துராதீங்க. மழை நிக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் நாகரத்தினம்.

விமலன்கூடத் தயங்கி என்னைத் தனியே அழைத்தான். "அண்ணே, பாத்தா சாய்ஞ்சிருக்கிற மாதிரி தெரியுது. எஞ்சினியர் ரிப்போர்ட் இல்லையா?" என்று என்னைக் கேட்டான்.

"இல்லை" என்றேன். "அனுமதியில்லாத கட்டுமானம். எடுத்துவிடு."

எடுத்தார்கள். கட்டைகளை லோரியில் ஏற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பின்னறையைக் காலி செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அறிக்கையை நான் படித்திருப்பது தெரிந்துவிடும். அதனால் சொல்லவில்லை. நோட்டீசில் நாகரத்தினத்திடம் கையெழுத்து வாங்கினேன். தங்கம்மா வாசல் வரை வந்து, "மழையில நனையாதப்பா, உனக்குச் சளி புடிக்கும். சின்ன வயசுலேயே அப்படித்தான்" என்றார். விமலன் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான்காவது நாள், பகல் மூன்று மணிக்குச் சுவர் விழுந்தது. நாகரத்தினம் கடைக்குப் போயிருந்தார். தங்கம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிரிவின் சார்பாக நானும் போக வேண்டியிருந்தது. ஐந்தரை மணிக்கு அவரை வெளியே எடுத்தார்கள். சேறு என்று சொல்கிறோம், அது வெறும் மண் இல்லை. உடைந்த கழிவுக் குழாயின் தண்ணீர், அழுகிய வேர், எரு, எல்லாம் கலந்தது. அவர் வாயிலும் காதிலும் அது அடைத்திருந்தது. ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. நான் குடையோடு தள்ளி நின்றேன்.

நாகரத்தினம் சேற்றுக் கையோடு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஓங்கள பத்தியேதான் ஐயா பேசிக்கிட்டு இருப்பா. நம்ம வளத்த புள்ள, எப்படியும் செஞ்சு குடுத்துருவான், நீ அவசரப்படாதன்னு என்னையத்தான் திட்டினா" என்றார்.

அந்தச் சட்டையை ஊறப்போடவில்லை. எரித்துவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அனுமதியின்றிச் சுவரடியில் தோண்டியதால் சரிந்தது என்று நாகரத்தினத்தின் பேரில் எழுதப்பட்ட குறிப்பு என் கையெழுத்தில் உள்ளது. அவர் அங்கே மண்வெட்டியே வைக்கவில்லை. பொறியாளர், தான் இரண்டு முறை அறிக்கை கொடுத்ததாகச் சொன்னதும் ரேகாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவளுக்கு இரண்டு குழந்தைகள். என் முன்னால் உட்கார்ந்து, "நான் எங்க வச்சேன்னே தெரியல சார், ஒரு உசிரு போச்சே என்னால" என்று அழுதாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் இங்கே வந்தது தங்கம்மாவுக்காக என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ரேகாவுக்காக என்றும் எழுதலாம், உங்கள் விருப்பம். போன வாரம் உங்கள் விசாரணைக் குழுவின் வரைவு என் மேசைக்கு வந்தது. கட்டட அனுமதிப் பிரிவின் கவனக்குறைவால் முக்கியமான ஆவணம் இருமுறை தொலைந்துபோனது, அதிகாரி சிவனேஸ்வரனுக்கு ஆவணப் பராமரிப்பில் பயிற்சி தேவை என்று அதில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

அறிக்கை இரண்டும் என் வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் உறையில், தேதி வாரியாக இருக்கின்றன. ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எடுத்தவன் நான். முட்டுகளை அகற்றச் சொன்னவன் நான். சுவர் விழும் என்று எனக்குத் தெரியும், யார் மேல் விழும் என்பதும் தெரியும். இவை எதையும் நான் மறுக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வரைவில் 'தொலைந்தது' என்று வரும் இடங்களை மட்டும் முதலில் திருத்திவிடுங்கள். என் வேலையில் அப்படியொரு கறை படிந்ததே இல்லை.