முதல் வெடி குளிர்ந்த குழலில்

டென்மார்க்கில், வைலேயிலிருந்து ஓகூஸ் நகருக்குப் போகும் ரயிலில், முன் இருக்கையில் இருந்த இருவரின் பேச்சிலிருந்து தெரிந்தவை:

1. மூத்தவர் பாரம் குறைந்த வேட்டை ரைபிள் ஒன்று வாங்கினார்.
2. சுடுதிடலில் அடுத்தடுத்துச் சுட்டார். வெடிகள் குறிக்கு மேலே ஏறிப் பட்டன.
3. குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருகி, வெடிகளைக் கீழே இறக்கினார்.

நாளை டேனிஷ் சம்பந்தியுடன் அவருக்கு முதல் மான் வேட்டை.

“இடையில குழலை ஆறவிட்டனீங்களோ, அண்ணை?” என்றார் இளையவர்.

“ஆறவிடுறதோ? பின்னால ஆக்கள் வரிசையில நிண்டவை.”

“மெல்லிய குழல் சூடேறினால் வெடி விலகும். சூட்டுக்கு ஏத்தமாதிரித் திருகியிருக்கிறியள். மான் வரேக்க குழல் குளிர்ந்திருக்கும். முதல் வெடி கீழ போகும்.”

“காலிலயோ படும்?”

“படலாம்.”

“ஐயோ, அது நொண்டிக்கொண்டு ஓடினால் சம்பந்தியின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?”

“இண்டைக்கே ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டுப் பாருங்கோ.”

“திடல் பூட்டியாச்சு, தம்பி.”

ஓகூஸ் வரை பேசி எடுத்த முடிவு: நாளை அவர் வேட்டைக்குப் போவார், சுடமாட்டார். சம்பந்திக்கு இன்னும் சொல்லவில்லை.