ஆராவில் இறங்கியவரின் கடவுச்சீட்டு

ஒரு சொல் சொல்லாமல் ஒருவருடைய விடுமுறையைக் கெடுத்தவன் நான். எண்பதுகளின் கடைசியில், நான் அகதியாக வந்திருந்த நாட்டில், பேர்ண் நகருக்குப் போகும் ரயிலில் அது நடந்தது. எதிரே எங்கள் தமிழ் ஆட்கள் இருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கிரேக்கத் தீவொண்டுக்குப் போறன். ஒரு கிழமை, ஏழு நாளும் நடக்கிறதும் நீந்துறதும்தான்."

"நடக்கவோ? ஹோட்டலில தட்டுத் தூக்கி நடக்கிறது போதாதோ, அண்ணை?"

"அது முதலாளிக்கு நடக்கிறது. கடலில கால் வைச்சு ஆறு வருசமடா."

மூத்தவர் கடவுச்சீட்டைத் திறந்து விசாவைக் காட்டினார். என் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. என் கடவுச்சீட்டு பொலிசாரிடம் இருந்தது. நானும் கடலைக் கண்டு ஐந்து வருடம். பொறாமையில் நெஞ்சு எரிந்தது.

ஆராவ் நிலையத்தில் அவர்கள் இறங்கியபோது கடவுச்சீட்டு இருக்கையிலேயே கிடந்தது. "அண்ணை" என்று கூப்பிட்டிருந்தால் போதும். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு அதை எடுத்து மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஆராவ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த மாதம் அதே ரயிலில் அவர்கள் மறுபடியும் என் எதிரே வந்து இருந்தார்கள்.

"பாஸ்போட் கைக்கு வரேக்க பிளேன் போயிட்டுது, என்ன அண்ணை?"

"ஓம். கடல் எங்கையும் ஓடாது. அதைக் கொண்டந்து குடுத்தவன் நல்லா இருக்கோணும்."

நான் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தேன்.