முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துப் படுத்தால் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போனதும் நீங்களும் வைத்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தொடையில் இருக்கிற இறுக்கமெல்லாம் விட்டுப்போய்க் கால் தன்பாட்டில் தூங்கிவிடும். ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் ஒன்றும் ஆகாது.

என் பெயர் வள்ளியாத்தாள். சொந்த ஊர் காரமடை. கோயமுத்தூரில் ஒரு எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் ஆண்கள் வார்டுக்கு ஹெட் சிஸ்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. தொடை உடைந்து வருகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி ஏற்றி, கயிற்றில் எடை கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த எடை தரையில் முட்டக்கூடாது. கம்பி நுழைகிற இடத்தில் சீழ் வைக்கக்கூடாது. கால்விரல் சூடாக இருக்கிறதா, அசைக்கச் சொன்னால் அசைக்கிறாரா என்று மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் இடுப்பைத் தூக்கி முதுகைத் துடைத்துவிட வேண்டும். என் வார்டில் ஒருவருக்குக்கூடப் படுக்கைப்புண் வந்ததில்லை.

இப்படி மூன்று மாதம் ஒரு ஆளைத் துடைத்து, ஊட்டி, தலைவாரிவிட்டிருப்போம். பிறகு ஒரு நாள் அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். போகிறபோது ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுப்பார். ஒருமுறை காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர், என் வார்டில் பதினோரு வாரம் கிடந்தவர். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "முன்னால போங்க, முன்னால போங்க" என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆடுகிற பஸ்ஸில் கையை விட்டுவிட்டு நின்றார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது.

அங்கப்பன் எங்கள் வார்டுக்கு வந்தது தொண்ணூற்று நான்கு ஐப்பசியில். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். நாற்பத்து மூன்று வயது. விடியற்காலையில் தோப்புக்குள் யானை நிற்பது தெரியாமல் போய், திரும்பி ஓடும்போது வாய்க்கால் மேட்டிலிருந்து விழுந்துவிட்டார். முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு உடைந்திருந்தது. எட்டு வாரம் எடையில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது அவருடைய சம்சாரம் சாமியாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களே ஊட்டுக்கு வந்து பாத்துக்கிறீங்களா? தோப்பையும் பாத்துட்டு இவுங்களையும் பாக்க என்னால ஆகமாட்டீங்குதுங்க."

நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பிறகு வேலையையே விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வீட்டில் முன்னறை அவருக்கு, அடுத்த அறை எனக்கு. காலையில் முதல் காப்பி எனக்குத்தான் வரும். அந்தப் பொங்கலுக்குச் சாமியாத்தாள் தனக்கும் எனக்கும் ஒரே மாதிரி இரண்டு சேலை எடுத்து வந்தாள். முன்னறையிலிருந்து "ஏனுங் சிஸ்டர்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கூப்பிடுவார் அங்கப்பன். தண்ணீருக்கு, பேப்பருக்கு, சும்மா பேசுவதற்கு. ஒருமுறைகூட நான் முகம் சுளித்ததில்லை.

தை மாதக் கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்றார்.

"இனி முட்டிய மடக்கி நீட்டணும் சிஸ்டர், தினம் மூணு வேளை. வலிக்கும்பார், விட்ராதீங்க. சித்திரையில இவர் தோப்புக்குள்ள நடக்கணும்."

வருகிற வழியில் காரில் சாமியாத்தாள் விரல்விட்டு மாதம் எண்ணிக்கொண்டு வந்தாள். சித்திரைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அன்று மத்தியானமே ஆரம்பித்தேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். குதிகாலைப் பிடித்து மெல்ல மடக்கினேன்.

"வேண்டாமுங் சிஸ்டர், உசுரு போகுதுங்க. உட்ருங்க. அடியில ஒரு தலகாணி வெச்சு உட்ருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸிங் படிக்க வருகிற பெண்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிற விஷயம் இது. முழங்கால் மடங்கியபடியே கிடந்தால் பின்பக்கத்து நரம்பும் தசையும் நனைந்து காய்ந்த கயிறு மாதிரி சுருங்கிவிடும். பிறகு கால் நீளாது. நானே எத்தனையோ பெண்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். கட்டிலில் அப்படி ஒரு தலையணையைப் பார்த்தால் உருவி வீசியிருக்கிறேன்.

அன்று வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அவர் தூங்கிப்போனார். முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. முதல் நாள் அவர் கேட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை, நானே வைத்தேன்.

பயிற்சி நடக்கிறதா என்று சாமியாத்தாள் கேட்பாள். நடக்கிறது என்பேன். அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன்? ஆனி மாதம் அவரை எழுப்பி நிறுத்தினபோது குதிகால் தரையைத் தொடவில்லை. கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சிஸ்டர் மாதிரி ஒருத்தர் கூடவே இருந்து பாத்தும் இப்படின்னா, அது அவர் உடம்பு வாகு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாராட்டு கேட்டால் எனக்கு எப்போதும் கூச்சம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் மாசியில்தான் டாக்டர், பஷீர் என்று ஒருவரை அனுப்பிவைத்தார். பிசியோதெரபிஸ்ட், கோட்டைமேட்டுக்காரர், மொபெட்டில் வருவார். அவரைப் பற்றி எனக்குக் கெட்ட அபிப்பிராயம் கிடையாது. சொன்ன நேரத்துக்கு வருவார், கொடுத்த காப்பியைக் குடிப்பார். ஆனால் இரக்கம் போதாது. அங்கப்பன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறுவார். இவர் விடவே மாட்டார். போகிறபோது காலை நீட்டிப் பின்பக்கம் மாவுக்கட்டுப் பட்டை வைத்துக் கட்டிவிட்டுப் போவார். படுக்கும்போது நான் அதை அவிழ்த்து எடுத்துவிடுவேன். தோல் புண்ணாகிவிடக்கூடாதல்லவா?

பஷீர் ஒரு இரும்பு அளவுகோல் வைத்திருந்தார், மூட்டின் கோணத்தை அளப்பதற்கு. ஒரு நாள் இரண்டு தடவை அளந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் சிஸ்டர், சாயங்காலம் நான் உட்டுட்டுப் போற காலு, மறுநா வந்து பாத்தா வேற காலா இருக்குதுங்களே?"

"அவுங்க தூக்கத்துல மடக்கிக்கிறாங்க" என்றேன்.

அவர் தலையணையை எடுத்துச் சாமியாத்தாளிடம் கொடுத்து, இனி இது இந்த அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் போர்வையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் காலையும் மாலையும் வர ஆரம்பித்தார். மாவுக்கட்டுப் பட்டையை அவிழ்க்கக்கூடாது என்று சாமியாத்தாளைப் பக்கத்திலேயே படுக்கச் சொன்னார். வைகாசியில் அங்கப்பனின் குதிகால் தரையைத் தொட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறையைத் தாண்டி வந்து நின்று அழுதார். பஷீரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்திருந்தேன்.

அன்று சாமியாத்தாள் என் அறைக்கு வந்தாள். "அக்கா, ஒண்ணரை வருஷமா உங்களை இங்கயே கட்டிப்போட்டுட்டமுங்க. ஆனியோட நீங்க ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றாள். நல்ல மனசு அவளுக்கு.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தானே கேட்டீர்கள். வாக்கரின் நாலு காலிலும் அடியில் வழுக்காமல் இருக்க ரப்பர் குப்பி மாட்டியிருக்கும். முன்கால் ஒன்றிலிருந்து அதைக் கழற்றியது நான்தான். இறுக்கமாக இருந்தது, சோப்புத் தண்ணீர் விட்டதும் வந்துவிட்டது. பிறகு முன்வாசல் சிமெண்டுத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அது தினமும் நான் செய்கிற வேலை. அன்று கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றவில்லை.

தோப்பு வரைக்கும் ஒண்டியாகப் போய்வருகிறேன் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். என்னைக் கூப்பிடாமலே கிளம்பினார். ஒரு தடவை "ஏனுங் சிஸ்டர்" என்று கூப்பிட்டிருந்தால் நான் ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன். விழுந்த பிறகுதான் கூப்பிட்டார்.

இந்தத் தடவை உடைந்தது நல்ல காலின் இடுப்பு எலும்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவரை அசைய விடாமல் இரண்டு பலகையும் போர்வையும் வைத்து அக்குளிலிருந்து கணுக்கால்வரை கட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கட்டை அவிழ்க்குமுன் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "யார் கட்டினது? கட்டுன்னா இப்படிக் கட்டணும்" என்றார். சாமியாத்தாளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

ரப்பர் குப்பியை நான் ஒளித்துவைக்கவில்லை. கழுவித் துடைத்து மருந்துத் தட்டில் வைத்திருந்தேன். அங்கிருந்துதான் பஷீர் எடுத்து உங்களிடம் கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

என்னை அறைக்குள் விடக்கூடாது என்று அங்கப்பன் சொல்லிவிட்டாராம். வலியில் பேசுகிற பேச்சு அது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இப்போது யாரோ ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்துக்கொள்கிறாளாம். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்க்கத் தெரியுமோ என்னவோ. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். எத்தனை வருஷம் கழித்து நான் போனாலும் அவர் அந்தக் கட்டிலில்தான் இருப்பார். அதை மட்டும் நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.