மீளாதவர் ஒருவர், மீண்டவர் ஒருவர்

பழமலைநாதர் பார்த்திருக்க, மண்ணும் நெருப்பும் மணந்து பீங்கானாய்ப் பிறக்கும் முதுகுன்றத்தின் மூத்த மகளே! முப்பத்து நான்கு ஆண்டுகள் தூரிகையை வரமென ஏந்திய எங்கள் வண்ணப் பிரிவின் தலைவியே! கிண்ணத்தில் பூத்த நீலப் பூக்களுக்கும், கேட்டவர்க்கு முகம் சுளிக்காத பொறுமைக்கும் ஒருங்கே உரிமை கொண்ட தனக்கோடி அம்மையாரே! வணக்கம்.

பணிநிறைவு காணும் தங்களுக்குப் பாராட்டு மடல் எழுத அமர்ந்தபோது, வழக்கமான சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. கடமை, கண்ணியம், காலந்தவறாமை என்று எழுதியும் விட்டோம். எழுதியதைத் தங்களிடமே காட்டினோம். தாங்கள் படித்துவிட்டுச் சொன்னீர்கள்: "இது யாருக்கு வேணும்னாலும் பொருந்துங்க. என்னப் பத்தி எழுதறதுன்னா போன வருசம் நடந்தத எழுதுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஆகவே, தங்கள் ஆணைப்படி, அந்தத் திகைப்பு இன்னும் தீராத நெஞ்சோடு, அவையோர் அனைவரும் அறிய அதைச் சொல்கிறோம்.

கார்கில் சண்டை முடிந்த நேரம் அது. ஊர்தோறும் படைவீரர் குடும்பங்களைப் போற்றிக்கொண்டிருந்தார்கள். நம் தொழிற்சாலையிலும் அந்தப் பேச்சு எழுந்தது. நம்மவர் வீடுகளிலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போனவர்களின் பெயர்களைப் பீங்கான் பலகைகளில் எழுதி, சுதந்திர தினத்தன்று வாயில் சுவரில் பதிப்பது என்று முடிவாயிற்று. கேட்டதும் பெயர்கள் வந்து குவிந்தன. அலுவலகத்துப் பாண்டியனின் பாட்டனார் முதல் போரில் பஸ்ரா போய், அங்கேயே மாண்டவர். அச்சுப் பிரிவு மாரியம்மாளின் பெரியப்பா இத்தாலிக்குப் போய், ஒரு கால் விந்தலோடு ஊர் வந்தவர். சுவரின் ஒரு பாதி மீளாதவர்க்கு, மறு பாதி மீண்டவர்க்கு என்று வகுத்தோம்.

தனக்கோடி அம்மையார் தம் தந்தையின் பெயரைத் தாமே முன்வந்து சொன்னார். கொளஞ்சியப்பன், பர்மாப் போரில் பாலம் கட்டும் படையில் இருந்தவர், மீண்டவர். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. அந்தத் தந்தையை எங்களில் மூத்தவர்கள் பலரும் பார்த்திருக்கிறோம். ரயில்வேயில் நிலக்கரி அள்ளும் வேலை. உயரமான மனிதர், அதிகம் பேசாதவர். மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டைத் தாமே வாயில்வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அவர் காலமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அத்தனை பெயர்களையும் அம்மையாரே எழுதினார். எல்லாம் ஒரு முறை சுட்டெடுத்த வெள்ளைப் பலகைகள். மேலே நீல எழுத்து. மறுபடி சூளைக்குள் போய்வந்தால்தான் எழுத்து நிலைக்கும். அதுவரை ஈரத் துணி பட்டாலும் அழிந்துவிடும். சூளைக்கு ஏற்றும் முன் தந்தையின் பலகையைத் தம் தாயிடம் காட்டிவர விரும்பினார். கை பட்டு அழியாமல் இருக்க, சூளைப் பிரிவுக் கலியமூர்த்தி அதை ஏந்திக்கொண்டு கூடப் போனார்.

கணவரை இழந்த அம்மையார், ஜங்ஷனுக்குப் பின்னால் உள்ள தெருவில் தாய் ராஜம்மாளோடும் மகன் நிலவனோடும் வசிக்கிறார். ராஜம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"என்னா எழுதியிருக்குது, வாசி."

"கொளஞ்சியப்பன். பர்மாச் சண்டைக்குப் போய் மீண்டவர்னு எழுதியிருக்கேம்மா."

"மீண்டவருன்னா?"

"உசுரோட திரும்பி வந்தவருன்னு அர்த்தம்."

முறம் நின்றது. அந்த அம்மாள் பலகையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அது தப்பு. அவரு வரல."

தாய்க்கு வயதாகி நினைவு தடுமாறுகிறது என்றுதான் அம்மையார் நினைத்தார். சிரித்துக்கொண்டே, "என்னம்மா பேசற? அப்பாவுக்கு நாமதான ஆத்தங்கரையில காரியம் பண்ணோம்? நிலவன்தான கொள்ளிச்சட்டி தூக்குனான்?" என்றார்.

"நீ காரியம் பண்ணது உன்ன வளத்தவருக்கு. அவரு பேரு ஜெயராஜ். செங்கல்பட்டுப் பக்கத்து வேதக்காரரு, ஏசு சாமி கும்புடறவரு. உங்கப்பன் பர்மாவுலயே போயிட்டாரு. சொவத்துல பொய்ய எழுதாத தனக்கோடி."

கலியமூர்த்தி சொல்கிறார்: "டைல்ஸ எங்க வைக்கறதுன்னு தெரியாம மடியிலயே வச்சிகிட்டு ஒக்காந்துட்டேன்." அம்மையாருக்கோ, தாயின் வாய் அசைவது தெரிந்தது, சொல் காதில் ஏறவில்லை. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பா என்று அறிந்த முகம் அது. முதல்முறையாக அது யாரோ ஒருவரின் முகமாகத் தெரிந்தது.

ராஜம்மாள் நடந்ததைச் சொன்னார். அப்போது அவர்கள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துச் சிற்றூரில் இருந்தார்கள். கொளஞ்சியப்பன் பட்டாளத்துக்குப் போகும்போது மகள் வயிற்றில் இருந்தாள். தந்தை முகம் அறியாத குழந்தைக்கு, அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார் என்று தினமும் சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டினார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, ஒரு பகலில், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தெருவில் வந்தார்.

"சேதி சொல்லத்தான் வந்தாரு. ஆத்துல பாலம் போடறப்ப குண்டு விழுந்து, உங்கப்பன் இவரு கைய புடிச்சிகிட்டே செத்துப்போச்சாம். எம்பொண்ணப் பாத்துச் சொல்லிட்டு வான்னு கேட்டுச்சாம். வாசலுக்கு வந்து நின்னாரு. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நீ ஓடிப்போயி காலக் கட்டிகிட்ட. 'அப்பா வந்துட்டாரு, அப்பா வந்துட்டாரு'ன்னு தெருவே கேக்கக் கத்தின. உன்னப் பிரிச்சி எடுக்க முடியல. அந்த மனுசன் உன்னத் தூக்கி இடுப்புல வச்சிகிட்டாரு."

சேதியைச் சாயந்திரம் ராஜம்மாளிடம் மட்டும் சொன்னார். மறுநாள் கிளம்ப நினைத்தவரைக் குழந்தை விடவில்லை. கொளஞ்சியப்பனின் அண்ணன்மாருக்கு ஆள் வேறு என்று தெரியாதா? சின்னக் குழந்தையோடு இருப்பவளை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். போக இடமில்லாத மூவரும் விருத்தாசலம் வந்தார்கள். ஜெயராஜுக்கும் தமக்கென்று யாரும் இருக்கவில்லை.

"அவரு எப்படிம்மா அப்பா பேர வச்சிகிட்டாரு?" என்று அம்மையார் கேட்டார்.

"வச்சிக்கல. உன்ன ஸ்கூலுல சேக்கறப்ப அப்பா பேரு என்னான்னு கேட்டாங்க. கொளஞ்சியப்பன்னு சொன்னாரு. அதுதான நெசம்? வாத்தியாரு, 'வாங்க கொளஞ்சியப்பன், ஒக்காருங்க'ன்னாரு. ஒக்காந்துட்டாரு. அப்புறம் தெருவும் அப்படியே கூப்புட்டுது. ஊரு எங்கள புருசன் பொஞ்சாதின்னுச்சி. ரெண்டு வருசம் கழிச்சி நாங்களும் அப்படித்தான் ஆனோம். எனக்கு அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல."

விடுப்பே எடுத்தறியாத அம்மையார் அதன்பின் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் கலியமூர்த்தி சொல்லிவந்தார். வீட்டில் அவர் தாயோடு பேசவில்லை. பெற்றவர் பர்மாவில் ஏதோ ஓர் ஆற்றில் கிடக்க, அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இத்தனை காலம் இருந்துவிட்டோமே என்று ஒரு நேரம் குமுறினார். வளர்த்தவரை அவருடைய தெய்வத்துக்குத் தெரியாமல் வேறு முறையில் எரித்துவிட்டோமே என்று மறு நேரம் தவித்தார். இருவரில் யாருக்காக முதலில் அழுவது என்று தெரியாமல், யாருக்காகவும் அழ முடியாமல் கிடந்தார். ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது தான்தான் என்பதை மட்டும் மனம் திரும்பத் திரும்பச் சொல்லிற்று.

இடையில் இன்னொன்றும் நடந்தது. நிலவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். செய்தி எப்படியோ பெண் வீட்டுக்குப் போயிற்று. வந்தவர்கள் நயமாகத்தான் பேசினார்கள். "நடந்தது நடந்து போச்சுங்க. பெரியவரு பேரு முன்ன மாதிரியே இருக்கட்டும். அந்த ஜெயராஜுங்கற பேரு மட்டும் சொவத்துல வரவேணாம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

அம்மையார் மகனைப் பார்த்தார். நிலவன், "என்னத் தோள்ல தூக்கிட்டுப் போயி ரயிலு காட்டுனவரு அவருதாம்மா. எனக்கு வேற தாத்தா தெரியாது" என்றான். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

மறுநாள் அம்மையார் வேலைக்கு வந்தார். யாரிடமும் பேசாமல் நேரே சூளைக் கூடத்துக்குப் போய், இன்னும் சூளைக்கு ஏற்றாமல் இருந்த தந்தையின் பலகையைக் கேட்டு வாங்கினார். ஈரப் பஞ்சால் ஒரே ஒரு சொல்லைத் துடைத்து மாற்றி எழுதினார். கொளஞ்சியப்பன், மீளாதவர் என்று ஆயிற்று. பின் ஒரு புதுப் பலகையை எடுத்து, நெடுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெயராஜ், மீண்டவர் என்று எழுதினார். அப்போதுதான் அழுதார். கண்ணீர் எழுத்தில் விழாமல் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு அழுதார்.

மேலாளர் அவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். அன்று தாங்கள் கேட்டதையும் சொல்லாவிட்டால் கதை நிறையாது. "நம்ம ஸ்டாஃப் குடும்பத்து ஆளுங்க பேரு மட்டும்தாம்மா. இந்த ஜெயராஜ் யாரு?" என்றீர்கள்.

"எங்கப்பாங்க."

"அப்ப கொளஞ்சியப்பன்?"

"அவரும் எங்கப்பாதாங்க. ஒருத்தரு வரல. ஒருத்தரு வந்தாரு."

கூடத்தில் அத்தனை பேர் இருந்தோம். எங்கள் கண்முன் தாங்களே பலகையை எடுத்துக் கலியமூர்த்தியிடம் கொடுத்து, "சூளையில ஏத்துங்க" என்றீர்கள்.

சுதந்திர தினத்தன்று ராஜம்மாளும் வந்து, இரண்டு பலகைகளும் சுவரில் ஏறியதைப் பார்த்தார். அதற்குப் பின்தான் தாயும் மகளும் மீண்டும் பேசிக்கொண்டார்கள். ஐப்பசி அமாவாசைக்குக் கொளஞ்சியப்பனுக்காக நிலவன் மணிமுத்தாற்றில் எள்ளும் நீரும் இறைத்தான். கல்லறைத் திருநாளன்று ஜெயராஜுக்கு மெழுகுவத்தி ஏற்ற அம்மையார் விரும்பினார். கல்லறை ஏது? சாம்பல் கரைத்த அதே படித்துறையில் ஏற்றினார். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவரும் ஏற்றிக்கொண்டே இருந்தார்.

அம்மையாரே! இதை இந்த அவையில் படிக்கத் தாங்கள் இசைந்தாலும், தங்கள் அன்னையாரின் அனுமதியின்றிப் படிக்க எங்களுக்கு மனமில்லை. சென்ற வாரம் இல்லம் வந்து கேட்டோம். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் அன்று சொன்னதை அப்படியே வைக்கிறோம்:

"எழுதுங்க, படிங்க. ஒண்ணே ஒண்ணு. அவரு பொய் சொல்லி வாழ்ந்தாருன்னு எழுதிடாதீங்க. அவரு ஒரு பொய்யும் சொல்லல. புள்ள அப்பான்னு கூப்புட்டுது. அவரு வந்தாரு."

ஈன்றவர் ஈந்த உயிரும், ஏற்றவர் ஈந்த வாழ்வும் இரண்டறக் கலந்த எங்கள் தனக்கோடி அம்மையாரே! தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க, கைநடுக்கம் அண்டாதிருக்க, அன்னையோடும் அருமை மகனோடும், இனி வரப்போகும் மருமகளோடும் அகம் மகிழ்ந்து பல்லாண்டு வாழ்க! திகைத்து நின்ற எங்களைத் தலைநிமிர்ந்து நிற்கப் பழக்கிய தங்களை வணங்கி வழியனுப்புகிறோம்.

விருத்தாசலம்
30.06.2000

என்றும் தங்கள்
வண்ணப் பிரிவு, அச்சுப் பிரிவு, சூளைப் பிரிவுத் தோழர்களும் அலுவலகத்தாரும்