நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

அப்பா: ஒரே ஒரு வரிதானே. எடுத்துட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

சின்னவள்: அப்பா, காலையிலேருந்து மூணாவது தடவை வர்றீங்க. நான் வேலையா இருக்கேன்.

அப்பா: நானும் வேலையாத்தான் வந்திருக்கேன். இந்த நாற்காலி பூரா துணியா கிடக்கு... எங்க உக்கார்றது?

சின்னவள்: உக்காராதீங்க.

அப்பா: சரி, நின்னுட்டே கேக்கறேன். அந்த வரிய...

சின்னவள்: எந்த வரி? இந்தப் புரோகிராம்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் வரி இருக்கு.

அப்பா: நானூத்திப் பன்னெண்டு.

சின்னவள்: உங்க மெயிலத் திறக்கவே நான் வந்து பாஸ்வேர்டு போட்டுத் தரணும். உங்களுக்கு நானூத்திப் பன்னெண்டு யார் சொன்னது?

அப்பா: யாரோ சொன்னாங்க. எடுப்பியா, மாட்டியா?

சின்னவள்: அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன். என்னை நிம்மதியா விட்டா நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும். புதுப் பதிப்பு இன்னிக்கு வெளியாகணும்.

அப்பா: அப்படி என்ன தப்பு அந்த வரியில?

சின்னவள்: இப்பச் சொல்லணுமா?

அப்பா: சொல்லேன். எனக்குப் புரியாதா?

சின்னவள்: சரி. இது லைப்ரரின்னு ஒரு சின்னப் புரோகிராம். யார் வேணும்னாலும் எடுத்துத் தங்களோட புரோகிராமுக்குள்ள வச்சுக்கலாம். எந்தக் கீய அழுத்தினாங்க, எப்ப விரலை எடுத்தாங்கன்னு கவனிச்சுச் சொல்றதுதான் இதோட வேலை. அவ்வளவுதான்.

அப்பா: அது தெரியும். பெரியவன் எழுதினது. இனாமாக் குடுக்கறோம்.

சின்னவள்: ...ஆமா. இப்ப ஒருத்தர் ஷிப்ட் கீய அழுத்திட்டே வேற விண்டோவுக்குப் போறார்னு வைங்க. அங்க போய் விரலை எடுக்கறார். விரலை எடுத்தது இதுக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லல. திரும்பி வந்தா, இன்னும் அழுத்தியே இருக்குன்னு நம்பிட்டு உக்காந்திருக்கும். அப்புறம் அடிக்கற எல்லாமே பெரிய எழுத்து.

அப்பா: அதனால என்ன? பெரிசா இருந்தா கண்ணுக்கு நல்லாத் தெரியுமே.

சின்னவள்: ஒரு ஆள் மேலதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதியிருக்கார். முழுக்கப் பெரிய எழுத்துல போயிருக்கு. எதுக்கு என்கிட்ட கத்தறன்னு மேலதிகாரி கேட்டிருக்கார். இன்னொரு அம்மாவுக்குக் கன்ட்ரோல் கீ மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு எழுத்துத்தான் தட்டினாங்க, எழுதி வச்சிருந்தது மொத்தமும் மூடிட்டுது. நாப்பத்தேழு புகார் இருக்குப்பா. எல்லாம் இந்த ஒரு வரிக்கு.

அப்பா: இனாமா வாங்கிட்டுப் புகாரா?

சின்னவள்: இதுக்கே இப்படியா? இங்க ஒருத்தன் எழுதியிருக்கான், கேளுங்க. 'இதை எழுதினவரோட வீட்டுல யாராவது வெக்கப்படறாங்களா?'

அப்பா: யார் அவன்? விலாசம் இருக்கா?

சின்னவள்: விலாசம் எல்லாம் இருக்காது.

அப்பா: விலாசம் இல்லாதவன் வீட்டைப் பத்திப் பேசறானா? நான் ஒரு பதில் சொல்றேன், நீ தட்டு. 'ஐயா, எங்கள் குடும்பத்தில்...'

சின்னவள்: அப்பா, உயிரை வாங்காதீங்க. நான் பதில் போட்டாச்சு. இன்னிக்குச் சரியாயிடும்னு எழுதிட்டேன்.

அப்பா: சரி... அந்த வரியோட சேத்து, பக்கத்துல இருக்கற பேரையும் எடுத்துடு.

சின்னவள்: என்னது?

அப்பா: ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் எழுதினவன் பேர் வருமாமே. அந்த வரிக்குப் பெரியவன் பேர் வருது. பேருக்கு முன்னாடி நிக்கிற இனிஷியல் யாரு? நான். நாப்பத்தேழு பேர் காறித் துப்பற இடத்துல என் எழுத்து நிக்கணுமா?

சின்னவள்: வரி போகும். பேர் போகாது.

அப்பா: ஏன் போகாது?

சின்னவள்: புதுசுல இருக்காது. பழசத் தேடினா இருக்கும். எது எப்ப இருந்தது, யார் எழுதினா, யார் எப்ப எடுத்தான்னு மொத்தமும் இருக்கும். அழிக்க முடியாது.

அப்பா: முடியாதா, மாட்டியா?

சின்னவள்: பதிவாளர் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் இருந்தீங்களே. பதிவேட்டுல தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவீங்க? பிளேடால சுரண்டுவீங்களா?

அப்பா: சுரண்டறதாவது. அடிக்கணும்னா ஒத்தக் கோடு. அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துலயே கையெழுத்து, தேதி. சுரண்டினான்னு ஒருத்தனை நானே எழுதிக் குடுத்து வேற இடத்துக்கு மாத்த வச்சிருக்கேன்.

சின்னவள்: இதுவும் பதிவேடுதான்.

அப்பா: உனக்கு வாய் ஜாஸ்தி ஆயிட்டுது.

சின்னவள்: இப்பச் சொல்லுங்க. நானூத்திப் பன்னெண்டு யார் சொன்னா?

அப்பா: ...பெரியவன்தான். காலையில பேசினான். நாளைக்கு ஒரு பெரிய கம்பெனியில நேர்முகமாம். லைப்ரரிய எழுதினது நான்தான்னு மனுவுல போட்டிருக்கானாம். அவங்க அதையே திரையில போட்டு, அந்த வரியிலேருந்து கேள்வி கேக்கப் போறாங்களாம். பயந்து போயிருக்கான்.

சின்னவள்: அப்ப என்கிட்டயே கேக்க வேண்டியதுதானே. உங்களைத் தூது அனுப்புவானா?

அப்பா: நீ எரிஞ்சு விழுவியாம்.

சின்னவள்: விழத்தான் செய்வேன். இருங்க, கூப்பிடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

பெரியவன்: சொல்லு, முடிச்சிட்டியா?

சின்னவள்: அப்பா பக்கத்துல நிக்கறார்.

பெரியவன்: ஓ... அப்பா, சாப்பிட்டாச்சா?

அப்பா: மணி மூணு. எப்பவோ ஆச்சு. டேய், நாளைக்கு அவங்க கேக்கறத நான் இப்பக் கேக்கறேன். அந்த நானூத்திப் பன்னெண்டாவது வரி என்ன பண்ணுது?

பெரியவன்: அது... கீபோர்டு சம்பந்தப்பட்டதுப்பா.

அப்பா: மொத்தமும் கீபோர்டு சம்பந்தப்பட்டதுதானே. அந்த வரி?

பெரியவன்: அழுத்தறதைப் பாத்து... கையாளும். டெக்னிக்கலா இருக்கும்ப்பா, சொன்னாப் புரியாது.

அப்பா: சின்னவ சொன்னா எனக்குப் புரிஞ்சுது.

பெரியவன்: பத்துப் பதினோரு வருஷம் முந்தி எழுதினது. எல்லாமா ஞாபகம் இருக்கும்?

அப்பா: சரி, தப்பு என்னன்னாவது தெரியுமா?

பெரியவன்: தப்பா... மூணு வருஷமா அவதானேப்பா அதுல கை வச்சிட்டு இருக்கா. நான் எழுதினப்போ நல்லாத்தான் இருந்துது. இடையில எதையாவது கிளறி விட்டிருப்பா.

சின்னவள்: அண்ணா.

பெரியவன்: இல்ல, தெரியாம நடந்திருக்கும்னு சொல்றேன்...

சின்னவள்: நான் தொட்ட வரியெல்லாம் என் பேர்ல இருக்கு. இது உன் பேர்ல இருக்கு. பாத்துட்டுப் பேசு.

பெரியவன்: சரி சரி, அதை ஏன் பெரிசாக்கற? அப்பா, அவகிட்ட நல்லபடியாச் சொல்லுங்க. ஒரு நாள் விஷயம்தானே. தப்பு அவளால வந்ததுன்னு ஒரு குறிப்புப் போட்டா முடிஞ்சுது. அவ என்ன நாளைக்கு நேர்முகத்துக்கா போறா?

அப்பா: போனை வை.

பெரியவன்: அப்பா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...

அப்பா: வைடா.

சின்னவள்: ...வச்சுட்டான்.

அப்பா: அந்தத் துணியக் கொஞ்சம் நகத்து. உக்காரணும்.

சின்னவள்: இந்தாங்க. தண்ணி வேணுமா?

அப்பா: வேண்டாம். அவன் என்ன சொன்னான், கேட்டியா? நல்லதெல்லாம் அவன் பேர்ல, தப்பு மட்டும் உன் பேர்லயாம்.

சின்னவள்: கேட்டேன். ரெண்டு மாசம் முந்தி நானும் ஒரு நேர்முகத்துக்குப் போனேன்ப்பா.

அப்பா: சொல்லவே இல்ல?

சின்னவள்: கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன். இதே பதிவேட்டத் திறந்து வச்சாங்க. 'எல்லாம் உங்க அண்ணன் எழுதினது. நீங்க இங்க என்ன பண்ணினீங்க?'ன்னு கேட்டாங்க. பெருக்கித் துடைக்கறேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அதோட சரி.

அப்பா: அப்படியா சொன்ன?

சின்னவள்: வேற என்ன சொல்றது? அங்க அப்படித்தானே இருக்கு... அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

அப்பா: சொல்லு.

சின்னவள்: அந்தத் தப்பு அண்ணன் செஞ்சதில்ல.

அப்பா: ம்.

சின்னவள்: நான் செஞ்சது. இடையில கிளறினது இல்ல. முதல் நாளே நான்தான் தப்பா எழுதினேன். அதுக்கு முந்தின வரியும் நான்தான். மேல, கீழ, எல்லாமே... அவன் காலேஜுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினீங்களே. எனக்குப் பத்தாவது. பரீட்சை முடியற வரைக்கும் நான் அதைத் தொடவே கூடாதுன்னு சொன்னீங்க.

அப்பா: சொன்னேன்.

சின்னவள்: சாயங்காலம் அவன் விளையாடப் போயிடுவான். நான் உக்காந்துடுவேன். மெஷின்ல அவன் பேர்தான் போட்டிருந்தது. நான் என்ன எழுதினாலும் அவன் பேர்லயே ஏறிச்சு. பத்தாவது முடிஞ்சு அடுத்த வருஷமும் அப்படியே போச்சு. சொன்னா, தொட்டது தெரிஞ்சுடும். அப்புறம் சொல்லலாம்னு பாத்தா... அவன் கல்யாணத்துல நீங்க மைக்க வாங்கி, 'உலகம் பூரா என் மகன் எழுதினதைத்தான் உபயோகிக்குது'ன்னு பேசினீங்க. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அதுக்கப்புறம் எங்க போய்ச் சொல்றது?

அப்பா: இப்ப மட்டும் ஏன் சொல்ற?

சின்னவள்: தெரியல. நல்லதுக்கு அவன் பேரைப் போட்டுக்கிட்டப்போ பொறுத்துக்கிட்டேன். என் தப்பைக் கூட எனக்கு ஒழுங்காத் தர மாட்டேங்கறான். நான் பதினஞ்சு வயசுல செஞ்ச தப்புப்பா அது. நான்தான் திருத்தணும்.

அப்பா: பழைய பேரை அழிக்க முடியாதுன்ன.

சின்னவள்: முடியாது.

அப்பா: திருத்தும்போது பக்கத்துல குறிப்பு எழுதலாமா?

சின்னவள்: எழுதலாம். எழுதித்தான் ஆகணும்.

அப்பா: அப்பத் தட்டு. 'இவ்வரியைப் பிழையாக எழுதியதும், இன்று திருத்துவதும் நானே.' கீழ உன் பேர். தேதி.

சின்னவள்: ...இனிஷியலோடவா?

அப்பா: இனிஷியல் இல்லாம எப்படிக் கையெழுத்து ஆகும்? முதல்ல அதைப் போடு.

சின்னவள்: அப்பா, நாளைக்கு அவங்க திறந்தா இதுதான் முதல்ல தெரியும். அண்ணன் மென்னு முழுங்கிட்டு நிப்பான்.

அப்பா: நிக்கட்டும். இல்லேன்னா வாயைத் திறந்து நிஜத்தைச் சொல்லட்டும். ரெண்டுல எது செஞ்சாலும் குடும்பத்துக்குக் கௌரவக் குறைவு இல்ல. இன்னைக்குப் போன்ல பேசினான் பாரு, அதுதான் குறைவு. சம்பந்தி வீட்டுக்கு நான் பேசிக்கறேன்.

சின்னவள்: என்னன்னு?

அப்பா: அன்னைக்கு மைக்ல தப்பாச் சொல்லிட்டேன்னு. நானும் ஒத்தக் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுக்கறேன். நாலாகப் போகுது. வேலையப் பாரு. நான் போறேன்.

சின்னவள்: நில்லுங்க. இவ்வளவு சொல்லிட்டேன். வீடே இடியற மாதிரி கத்துவீங்கன்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்கு 'ம்'ங்கறீங்க.

அப்பா: கத்தினா வரி சரியாயிடுமா?

சின்னவள்: உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?

அப்பா: கதவைச் சாத்திட்டுப் போகட்டுமா, திறந்தே இருக்கட்டுமா?

சின்னவள்: அப்பா.

அப்பா: ...ஆபீஸ்லேருந்து வந்து ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். உள்ள கடுகு பொரியற மாதிரி ஒரே தட்டற சத்தம். பையன் என்னமா உழைக்கறான்னு எனக்குப் பெருமை தாங்கல. எழுந்து ஜன்னல் பக்கம் போறேன், அவன் கீழ மைதானத்துல பந்தை உதைச்சுட்டு நிக்கறான். உள்ள சத்தம் நிக்கவே இல்ல.

சின்னவள்: எப்ப?

அப்பா: மெஷின் வந்து ரெண்டாவது வாரம்.

சின்னவள்: பதினோரு வருஷமா? அப்ப ஏன் மைக்ல...

அப்பா: அதுக்குள்ள ஆபீஸ் பூரா பையன் பேரைச் சொல்லி வச்சிருந்தேன். அதை விட்டுக்குடுக்க மனசு வரல. அது என் தப்பு. அதுக்குத்தான் கையெழுத்துப் போடறேங்கறேனே.

சின்னவள்: அன்னைக்கே கதவைத் திறந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா.

அப்பா: திறந்து பாத்துட்டா, தொடாதேன்னு சொன்ன வார்த்தைய நான் காப்பாத்தணும். மெஷினப் பூட்டி வச்சிருக்கணும். சொன்னதை மாத்திப் பழக்கமில்ல எனக்கு. அதான், காது கேக்காதவன் மாதிரி உக்காந்து, படிச்ச பேப்பரையே ரெண்டு வருஷம் திருப்பித் திருப்பிப் படிச்சேன்.